மாத்திரை அட்டை அதே, உள்ளே மருந்து இல்லை: 'அம்னீஷியா' இரண்டாம் பாகம் பற்றி ஒரு இழை

1/
போன வாரம் ஹாரர் கேம் பற்றி ஒரே ஒரு வரி போட்டேன். "அம்னீஷியா முதல் பாகம் தங்கம், எ மெஷின் ஃபார் பிக்ஸ் தகரம்"னு. கீழ வந்த பதில்களில் பாதி, "கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டருக்கு கேம் விளையாட எங்க நேரம்?" மீதிப் பாதி, "உங்களுக்கு அந்த கேம் புரியல டாக்டர்."

2/
முதல் கேள்விக்கு பதில்: டூட்டி ஆஃப்னு ஒண்ணு எங்களுக்கும் உண்டுங்க. இரண்டாவதுக்குத்தான் இந்த இழை. நீளம். டீ போட்டு எடுத்துட்டு வாங்க. கேமே தொடாதவங்களுக்கும் புரியற மாதிரி எழுதறேன். ரெண்டு கேமோட கதையும் வரும், ஸ்பாய்லர் வேண்டாம்னா இங்கயே இறங்கிக்கலாம்.

3/
முதல்ல அறிமுகம். 'அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்' 2010 செப்டம்பர்ல வந்தது. செய்தது ஸ்வீடனைச் சேர்ந்த ஃப்ரிக்ஷனல் கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம். பெரிய பட்ஜெட் கிடையாது. யூடியூப்ல ஹாரர் கேம் விளையாடி அலறுற வீடியோக்கள் பரவினதுக்கு இந்த கேம் ஒரு முக்கிய காரணம். பியூடிபை ஆரம்ப காலத்துல பேர் வாங்கினது இதை விளையாடி அலறித்தான்.

4/
கதை: 1839. பிரஷ்யாவில் ப்ரென்னன்பர்க் என்ற கோட்டை. டேனியல்னு ஒரு ஆங்கிலேயர் கண் விழிக்கிறார். தன் பேரைத் தவிர பெரிசா எதுவும் ஞாபகம் இல்ல. ஒரு கடிதம் கிடைக்குது. எழுதியது அவரே. மறதி மருந்தை விரும்பித்தான் குடிச்சேன், உள்ளே இருக்கிற அலெக்ஸாண்டரைக் கொன்னுடு என்பதுதான் சாரம். கையில ஆயுதம் கிடையாது. கடைசி வரைக்கும் கிடையாது.

5/
இரண்டாம் பாகம் 'அம்னீஷியா: எ மெஷின் ஃபார் பிக்ஸ்', 2013 செப்டம்பர். இதை வெளியிட்டது ஃப்ரிக்ஷனல், ஆனா உருவாக்கினது பிரிட்டனின் தி சைனீஸ் ரூம். 'டியர் எஸ்தர்' செய்தவங்க. ஒரு தீவுல நடந்துகிட்டே கதை கேட்கிற கேம் அது. 'பிக்ஸ்' எழுதியது டான் பின்ச்பெக், இசை ஜெசிகா கரி.

6/
கதை: 1899 டிசம்பர் 31 இரவு, லண்டன். ஆஸ்வால்ட் மாண்டஸ் ஒரு கறி ஆலை முதலாளி. ஜுரத்துல இருந்து எழறார், மாசக்கணக்கா என்ன நடந்ததுன்னு தெரியல. இரட்டைப் பிள்ளைகள் எட்வினும் ஈனோக்கும் காணோம். போன்ல ஒரு குரல் சொல்லுது: பிள்ளைங்க கீழே இயந்திரத்துல மாட்டிகிட்டாங்க, அதை ஓட வை. வீட்டுக்கு அடியில், ஆலைக்கு அடியில், லண்டனுக்கு அடியில் இறங்கிகிட்டே போறார்.

7/
முதல்லயே நியாயத்தைச் சொல்லிடறேன். கதை பலமானது. இசை பலமானது. மாண்டஸ் இருபதாம் நூற்றாண்டைக் கனவுல பார்த்துட்டார். தன் பிள்ளைங்க ரெண்டு பேரும் சோம் போர்க்களத்துல சாகறதைப் பார்க்கிறார். அதைத் தடுக்கணும்னு தானே அவங்களைக் கொன்னுடறார். மீதி உலகத்தையும் 'காப்பாத்த' ஒரு கசாப்பு இயந்திரம் கட்டறார். இப்படி ஒரு கரு எந்த நாவலுக்கும் போதும்.

8/
அப்ப என்ன பிரச்சனை? எங்க பாஷையில சொல்றேன். ஒரு மாத்திரை அட்டை. அதே பேர், அதே கலர், அதே எழுத்து. நீங்க அதை முன்னாடி சாப்பிட்டு வலி குறைஞ்சிருக்கு. நம்பி இன்னொரு அட்டை வாங்கறீங்க. உள்ளே இருந்த மூலப்பொருளை எடுத்துட்டு, மேல நல்ல சர்க்கரைப் பூச்சு பூசியிருக்காங்க. ருசி பிரமாதம். வலி அப்படியே இருக்கு.

9/
'பிக்ஸ்' அந்த மாத்திரைதான். அம்னீஷியாங்கற பேருக்கு மூலப்பொருள் பேய் இல்ல, கோட்டை இல்ல, மறதியும் இல்ல. மூலப்பொருள் ஒரு கணக்கு. அந்தக் கணக்கை எடுத்துட்டாங்க. எப்படின்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

10/
முதல் பாகத்துல கைல ஒரு எண்ணெய் லாந்தர். எண்ணெய் தீரும். சுவர்ல இருக்கிற மெழுகுவத்தி, தீப்பந்தம் எல்லாம் ஏத்தலாம், ஆனா ஏத்த சிக்கிமுக்கிப் பெட்டி வேணும். அது எண்ணிக்கையில. ஒண்ணு ஏத்தினா ஒண்ணு குறையும். ஒவ்வொரு அறையிலயும் ஒரு கேள்வி: இங்க ஏத்தலாமா, அடுத்த அறைக்கு வெச்சுக்கலாமா? அடுத்த அறையில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

11/
இருட்டுலயே போயிடலாமேன்னு தோணும். போகலாம். ஆனா இருட்டுல நின்னா டேனியலோட மனநிலை சரியும். பார்வை கலங்கும், மூச்சு வாங்கும், திரையில கரப்பான் பூச்சி ஊர்ற மாதிரி தெரியும். வெளிச்சத்துக்கு வந்தா சரிவு நிக்கும். ஒரு புதிரை விடுவிச்சா மனசு தெளியும். அதாவது பயந்து ஒரே இடத்துல உட்கார்ந்தா குணமாகாது, முன்னே போனாத்தான் குணமாகும்.

12/
இதுல ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இருட்டுல கொஞ்ச நேரம் நின்னா டேனியலோட கண் பழகி, மங்கலா ஒரு நீலச் சாயல்ல சுத்திலும் தெரிய ஆரம்பிக்கும். நிஜத்துலயும் அப்படித்தான். விழித்திரையில இருக்கிற தடி செல்கள் இருட்டுக்கு முழுசா பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். அதுக்கு நிறம் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது, நீலப் பச்சை ஒளிக்குத்தான் அதிகமா வேலை செய்யும். இதை யோசிச்சு செஞ்சிருக்காங்க.

13/
இப்ப உள்ள ஒரு ஜந்து வருது. உங்க லாந்தர் வெளிச்சம் அதுக்குத் தெரியும். ஒளியணும்னா இருட்டுக்குப் போகணும். இருட்டுக்குப் போனா மனநிலை சரியும். ஜந்து எங்க இருக்குன்னு எட்டிப் பார்க்கலாமா? பார்த்தாலும் மனநிலை சரியும். அப்ப மூலையில குந்தி, சுவத்தைப் பார்த்துகிட்டு, அதோட காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டுகிட்டு இருக்கணும்.

14/
கவனிச்சீங்களா? எந்தப் பக்கம் போனாலும் ஒரு விலை. வெளிச்சத்துக்கு ஒரு விலை, இருட்டுக்கு ஒரு விலை, பார்க்கறதுக்கு ஒரு விலை. இந்த மூணு விலைக்கும் நடுவுல நீங்க கூட்டிக் கழிச்சுகிட்டே இருப்பீங்க. நான் சொன்ன 'கணக்கு' இதுதான். பயம் இந்தக் கணக்குலதான் பிறக்குது. ஜந்து வெறும் சாக்கு.

15/
கொஞ்சம் மருத்துவம். ஆபத்துன்னு மூளைக்குத் தோணினா அமிக்டாலா கொடி காட்டும். ஹைப்போதலாமஸ் வழியா சிம்பதெடிக் நரம்புகள் முழிச்சுக்கும். சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி இருக்கிற அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ஊத்தும். இதயம் வேகமா அடிக்கும், கண் பாப்பா விரியும், வயித்துக்குப் போற ரத்தம் குறைஞ்சு தசைக்குப் போகும். ஓடறதுக்கோ அடிக்கறதுக்கோ உடம்பு ரெடி.

16/
ஆனா ரத்தத்துல அட்ரினலினோட ஆயுசு ரொம்பக் குறைவு. ரெண்டு மூணு நிமிஷத்துல பாதியாயிடும். திடீர்னு முகத்துக்கு நேரா ஒண்ணு வந்து கத்தினா தூக்கிப் போடும், அடுத்த நிமிஷம் சிரிச்சுடுவீங்க. அதிர்ச்சி வேற, பயம் வேற. மணிக்கணக்கா ஒருத்தரைப் பயத்துல வெச்சிருக்கணும்னா வேற ஒண்ணு வேணும்: என்ன ஆகும்னு தெரியாத நிலை.

17/
ஊசி போடற ரூம் வாசல்ல நின்னு பாருங்க. குழந்தை அலறுறது ஊசி குத்தும்போது இல்ல. வரிசையில நிக்கும்போது. முன்னாடி இருக்கிற பாப்பா அழற சத்தம் கேட்கும்போது. சிஸ்டர் சிரிஞ்சைக் கையில எடுக்கும்போது. குத்தி முடிச்ச அடுத்த நிமிஷம் அம்மா தோள்ல சாஞ்சிடும். வலி நிச்சயம்னு தெரிஞ்சவங்களை விட, வருமா வராதான்னு தெரியாம காத்திருக்கறவங்களுக்குத்தான் பதட்டம் அதிகம். பெரியவங்களுக்கும் இதே கதைதான், பயாப்ஸி ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கறவங்களைக் கேளுங்க.

18/
டார்க் டிசென்ட்ல தண்ணீர் நிறைஞ்ச ஒரு பகுதி வரும். விளையாடினவங்க யாரும் மறக்க மாட்டாங்க. தண்ணிக்குள்ள ஒண்ணு இருக்கு, கண்ணுக்கே தெரியாது. அது நடக்கும்போது தண்ணி தெறிக்கறது மட்டும்தான் தெரியும். நீங்க பெட்டிக்குப் பெட்டி தாவணும். கால் தண்ணியில பட்டா அது உங்க பக்கம் ஓடி வரும். அங்க கிடக்கிற சதைத் துண்டை வேற பக்கம் எறிஞ்சு திசை திருப்பலாம்.

19/
இந்த இடத்துல ஜந்துவை வரையவே இல்ல. கிராஃபிக்ஸ் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனா 15 வருஷம் கழிச்சும் அதைப் பத்திப் பேசறோம். ஏன்? எறியற துண்டு உங்க கையில. தாவற முடிவு உங்களோடது. தப்பா தாவினா அது உங்க தப்பு. அந்தப் பொறுப்புதான் கை வேர்க்க வைக்குது.

20/
இன்னொண்ணு சொல்லாம போக முடியல. முதல் பாகத்துல காயத்துக்கு மருந்து லாடனம். அபினை சாராயத்துல கரைச்ச டிங்க்சர். பிரிட்டன்ல 1868 சட்டம் வர்ற வரைக்கும் கடையில சாதாரணமா வாங்கலாம். இருமலுக்கு, வயித்துப்போக்குக்கு, வலிக்கு, எல்லாத்துக்கும் அதுதான். புண்ணை அது ஆத்தாது, வலியை மறக்கடிக்கும். டாக்டரா நான் சண்டைக்குப் போகணும். ஆனா மறக்கறதுக்காக மருந்து குடிச்சவனோட கதையில, மறக்கடிக்கிற மருந்தே சிகிச்சை. விட்டுட்டேன்.

21/
இப்ப 'பிக்ஸ்'. லாந்தர் மின்சார லாந்தர். தீரவே தீராது. எண்ணெய் இல்ல, சிக்கிமுக்கி இல்ல. மனநிலை சரியறது இல்ல. லாடனம் இல்ல, அடிபட்டா கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும். பொருள் வெச்சுக்கிற பையே இல்ல. முதல் பாகத்துல அலமாரி, இழுப்பறை, பாட்டில், நாற்காலின்னு நிறைய தொட்டுத் தூக்கலாம். இங்க பெரும்பாலும் எல்லாம் ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்.

22/
"தேவையில்லாத சுமையை எடுத்துட்டாங்க, அதுல என்ன தப்பு?"ன்னு கேட்பீங்க. எடுத்ததுக்குப் பதிலா வேற ஒரு விலை வெச்சிருந்தா நான் வாயைத் திறக்க மாட்டேன். வைக்கல. வெளிச்சம் இலவசம். இருட்டு இலவசம். ஜந்துவைப் பார்க்கறதும் இலவசம். அடிபடறது கூட கிட்டத்தட்ட இலவசம். எல்லாம் இலவசமா கிடைக்கிற இடத்துல மூளை கணக்குப் போடாது. கணக்கு இல்லேன்னா பயம் இல்ல. நடைதான்.

23/
இதுக்கு மேல ஒரு கொடுமை. ஜந்து பக்கத்துல வந்தா லாந்தர் மினுக் மினுக்குனு துடிக்கும். அதாவது கேமே முன்கூட்டிச் சொல்லிடுது: 'வருது, ரெடியா இரு'. லாந்தர் துடிக்கலைன்னா? ஒண்ணும் இல்ல, தைரியமா நடக்கலாம்னு அர்த்தம். தெரியாத நிலைதான் பயத்துக்கு ஆதாரம்னு மேல சொன்னேன். அந்த ஆதாரத்தையே அலாரம் வெச்சு அழிச்சாச்சு.

24/
அலாரம்னதும் எங்க ஐசியு ஞாபகம் வருது. மானிட்டர் ஓயாம அடிக்கும். நோயாளி கையை ஆட்டினா அடிக்கும். நெஞ்சுல ஒட்டின லீட் காய்ஞ்சா அடிக்கும். விரல்ல மாட்டின கிளிப் நழுவினா அடிக்கும். நூறு தடவை அடிச்சதுல பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. புதுசா வந்த ஹவுஸ் சர்ஜன் முதல் நாள் ஒவ்வொண்ணுக்கும் ஓடுவார். ரெண்டு வாரத்துல காதுலயே விழாது.

25/
இதுக்கு அலாரம் ஃபட்டீக்னு பேர். எங்களுக்கு இது உயிர்ப் பிரச்சனை, ஏன்னா நிஜமா அடிக்கும்போதும் காதுல விழாம போகலாம். யாரும் சோம்பேறி ஆகல. பின்விளைவு இல்லாத சத்தத்தை மூளை வடிகட்டிடும், அதோட வேலையே அதுதான். கட்டளை போட்டு மாத்த முடியாது.

26/
'பிக்ஸ்' முழுக்க சத்தம். தரை அதிரும், குழாய் நடுங்கும், சுவருக்குப் பின்னாடி பன்றி அலறும், எங்கயோ கதவு அடிச்சுக்கும். முதல் அரை மணி நேரம் அருமை. அப்புறம் புரிஞ்சுடும், இதுல பெரும்பாலானதுக்குப் பின்னாடி ஒண்ணும் வராதுன்னு. நிஜமா ஆபத்து வர்ற இடங்களை விரல் விட்டு எண்ணலாம். மூணாவது மணி நேரத்துல நான் ரெண்டு வாரம் ஆன ஹவுஸ் சர்ஜன் மாதிரி ஆயிட்டேன். பன்றி கத்துது, நான் பிஸ்கட் சாப்பிட்டுகிட்டு இருக்கேன்.

27/
சரி, இப்ப எதிர்த் தரப்பு. முதல் வாதம்: "டாக்டர், இது பயமுறுத்தற கேம் இல்ல. குற்ற உணர்ச்சி பற்றிய இலக்கியம்." சரி, அப்படியே எடுத்துக்கலாம். குற்ற உணர்ச்சியை எந்த கேம் நல்லா கடத்துதுன்னு பார்ப்போம்.

28/
முதல் பாகத்துல டேனியல் தன் உயிரைக் காப்பாத்திக்க அலெக்ஸாண்டரோட சேர்ந்து கைதிகளைச் சித்திரவதை செஞ்சவர். தப்பி ஓடின ஒரு சிறுமியைத் துரத்திக் கொன்னவர். இது உங்களுக்கு கேமோட பின்பாதியில தெரிய வருது. அதுவரைக்கும் அந்த ஆளோட உடம்பை நீங்கதான் பொத்திப் பொத்திக் காப்பாத்தியிருக்கீங்க. எண்ணெய் சேமிச்சு, மருந்து சேமிச்சு, மூலையில குந்தி. யாருக்காக இவ்வளவு பாடுபட்டேன்னு அப்ப உறைக்கும்.

29/
அந்த உறுத்தல் உங்க உழைப்புல இருந்து வருது. மாண்டஸுக்காக நீங்க என்ன உழைச்சீங்க? லீவரை இழுத்தீங்க. வால்வைத் திருப்பினீங்க. அவர் செஞ்ச பாவம் அவரோடது, நீங்க கூட நடந்து போன ஆள். எழுத்து அழகா இருக்கலாம். ஆனா அந்தக் குற்ற உணர்ச்சி உங்க மேல ஒட்டாது. சாவு வீட்டுல தெரியாதவங்களுக்காக எழுந்து நிக்கற மரியாதை மாதிரிதான் அது.

30/
இரண்டாவது வாதம், இது கொஞ்சம் புத்திசாலித்தனமானது: "மனுஷனைப் பன்றியாக்கி கன்வேயர் பெல்ட்ல அனுப்பற தொழிற்சாலை பற்றிய கதை. அதனாலதான் விளையாடறவரையும் ஒரே பாதையில தள்றாங்க. அது வேணும்னே செஞ்சது." வேணும்னே செஞ்சிருந்தா, பெல்ட்ல போறது எனக்கு உறைக்கணும். ஒரு தடவையாவது இறங்கப் பார்த்து, முடியாம தவிக்கணும். 'பிக்ஸ்'ல அப்படி ஒரு இடம் கூட இல்ல. சும்மா வசதியா போகுது. வசதியான பெல்ட்டை விமர்சனம்னு சொல்லாதீங்க, அது ஏர்போர்ட்ல இருக்கிறது.

31/
மூணாவது வாதம்: "எண்ணெய் பொறுக்கறது, பெட்டி எண்ணறது எல்லாம் போர். கதை மட்டும் வேணும்னு நினைக்கறவங்களும் இருக்காங்க." இருக்காங்க, அவங்களுக்கும் கேம் வேணும். இதுக்கு ஃப்ரிக்ஷனலே நல்ல வழி காட்டினாங்க. அவங்களோட 'சோமா' 2015ல வந்தது. 2017 கடைசியில அதுல பாதுகாப்பு முறைனு ஒண்ணு சேர்த்தாங்க. அதுல ஜந்துக்கள் இருக்கும், உங்களைக் கொல்லாது. வேணும்கறவங்க அதைத் தேர்ந்தெடுக்கலாம். வேண்டாம்கறவங்களுக்கு பழையபடி.

32/
அதுதான் சரியான சிகிச்சை முறை. யாருக்கு டோஸ் குறைக்கணுமோ அவங்களுக்குக் குறைங்க. ஒருத்தருக்கு ஒத்துக்கலைன்னு வார்டுல இருக்கிற எல்லாருக்கும் மருந்தை நிறுத்தினா அது சிகிச்சையா?

33/
நாலாவது வாதம். இதை ஒரு தம்பி டிஎம்ல கேட்டார், நல்ல கேள்வி: "அண்ணே, முதல் பாகத்துல மனநிலை பூஜ்யத்துக்குப் போனாலும் சாக மாட்டீங்க. மயங்கி விழுந்து எழுந்துப்பீங்க, அவ்வளவுதான். அந்த மீட்டரே பொய்தானே? உங்க பாஷையில அது பிளாசிபோ."

34/
உண்மைதான் தம்பி. அது ஏறக்குறைய பிளாசிபோ. ஆனா பிளாசிபோ வேலை செய்யும்! வெறும் சர்க்கரை மாத்திரைக்கும் வலி குறையறதை மருத்துவத்துல காலங்காலமா பார்த்துகிட்டு வர்றோம். ஒரு நிபந்தனைதான்: மாத்திரைனு ஒண்ணை முழுங்கணும். இதுல மருந்து இருக்குன்னு உடம்பு நம்பணும். டார்க் டிசென்ட் அந்த நம்பிக்கையைக் கட்டுச்சு. இழக்க ஏதோ இருக்குன்னு நினைக்க வெச்சுது. பொய்யான ஆபத்து போதும், நிஜமான பயத்துக்கு.

35/
'பிக்ஸ்' அந்த மாத்திரையையும் எடுத்துட்டு வெறும் தண்ணி டம்ளரைக் கையில குடுக்குது. அதுக்கு மேல, மருந்து எப்படி வேலை செய்யும்னு அழகான ஆங்கிலத்துல ஒரு சொற்பொழிவு.

36/
இது என் தனிப்பட்ட ரசனைன்னு நினைச்சா, பத்து வருஷம் கழிச்சு வந்த கேமைப் பாருங்க. 2023 ஜூன், 'அம்னீஷியா: தி பங்கர்'. மறுபடி ஃப்ரிக்ஷனலே செஞ்சது. முதல் உலகப் போர், பிரெஞ்சு பதுங்கு அறை, ஆன்ரி க்ளேமான்னு ஒரு சிப்பாய், உள்ளே சுத்துற ஒரே ஒரு மிருகம்.

37/
விளக்கு எரியணும்னா ஜெனரேட்டர் ஓடணும். ஜெனரேட்டருக்கு எரிபொருள் தேடணும். எரிபொருள் தீர்ந்தா இருட்டு, இருட்டுல மிருகம் தைரியமா வெளிய வரும். கையில இருக்கிற டார்ச் கயிறு இழுத்து ஓட்டற டைனமோ வகை. இழுத்தா வெளிச்சம் வரும், கூடவே சத்தமும் வரும். மிருகத்துக்குக் காது கூர்மை. ரிவால்வர் உண்டு, குண்டு சொற்பம்.

38/
பார்த்தீங்களா? வெளிச்சத்துக்கு மறுபடி விலை போட்டாங்க. இருட்டுக்கு விலை போட்டாங்க. இந்தத் தடவை சத்தத்துக்கும் சேர்த்து. லாந்தர், லாடனம், கோட்டை எதுவுமே இல்ல. ஆனா ஆரம்பிச்ச பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடுது, இது அம்னீஷியா. 'பிக்ஸ்'ல லாந்தர் இருந்துச்சு, கதவை இழுத்துத் திறக்கற விதம் கூட இருந்துச்சு. அம்னீஷியா மட்டும் இல்ல.

39/
இவ்வளவு கோபம் ஒரு பழைய கேம் மேல எதுக்குன்னு கேட்கலாம். 'பிக்ஸ்' தனிப் பேர்ல வந்திருந்தா இந்த இழையே கிடையாது. 'எ மெஷின் ஃபார் பிக்ஸ்'னு மட்டும் போட்டு வித்திருந்தா, நல்ல எழுத்து, நல்ல இசை, நாலஞ்சு மணி நேரத்துல முடிஞ்சுடும், வாங்கிப் பாருங்கன்னு நானே சொல்லியிருப்பேன். முன்னாடி 'அம்னீஷியா'னு ஒரு சொல் ஒட்டினாங்க. அந்தச் சொல்லை நம்பித்தான் பலர் காசு குடுத்தாங்க.

40/
மருந்துலயும் இதைப் பார்க்கறோம். கடையில பிரபலமான ஒரு பேர் இருக்கும். அதே பேர்ல பின்னாடி ஒரு எழுத்தைச் சேர்த்து வேற கலவை விப்பாங்க. வாங்கறவருக்கு பேர் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். பேர் என்பது வாக்கு. உள்ளே இருக்கிறதை மாத்தினா பேரையும் மாத்துங்க. கேமுக்கும் அதே நியாயம்தான்.

41/
அதை விட என்னை உறுத்தறது அந்த "உங்களுக்குப் புரியல". ஒரு நோயாளி திரும்பி வந்து, "மாத்திரை சாப்பிட்டேன் சார், வலி குறையல"ங்கறார். நல்ல டாக்டர் மறுபடி வயித்தைத் தொட்டுப் பார்ப்பார், மருந்தைத் திரும்பப் பார்ப்பார். மோசமான டாக்டர், "உனக்குச் சாப்பிடத் தெரியல"ம்பார். பயமே வரலைன்னு சொல்ற ஆளுக்கு, இலக்கியம் புரியலைன்னு சர்டிஃபிகேட் குடுக்கறது இரண்டாவது டாக்டரோட வேலை.

42/
பயந்தது, பயப்படாதது ரெண்டும் உடம்பு சொல்ற உண்மை. நாடியைப் பிடிச்சா தெரிஞ்சுடும். அதுல படிச்சவன், படிக்காதவன் கிடையாது. ஹாரர் மாதிரி நேர்மையான கலை குறைவு. கைத்தட்டலை ஏமாத்தி வாங்கிடலாம், உள்ளங்கை வேர்வையை வாங்க முடியாது.

43/
இன்னொரு கவலையும் இருக்கு. எந்தத் தொடருக்கும் இரண்டாம் பாகம் எடுக்கும்போது ஒரு கூட்டம் வந்து உட்காரும்: "இது கஷ்டமா இருக்கு, எடுத்துடு. அது எரிச்சலா இருக்கு, எடுத்துடு." ஒவ்வொண்ணா பார்த்தா நியாயமாவே இருக்கும். எண்ணெய் தீர்றது எரிச்சல்தான். பெட்டி எண்ணறது எரிச்சல்தான். எல்லா எரிச்சலையும் எடுத்து முடிச்சு நிமிர்ந்து பார்த்தா, கேமும் கூடவே போயிருக்கும்.

44/
புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு என் மருந்துச் சீட்டு: முதல்ல 'தி டார்க் டிசென்ட்'. பழைய லேப்டாப்லயே ஓடும். ராத்திரி, ஹெட்ஃபோன், விளக்கை அணைச்சு. ஜெயிக்கறதுக்காக விளையாடாம, உள்ள மூழ்கி விளையாடச் சொல்லி கேமே ஆரம்பத்துல சொல்லும். கேளுங்க. அடுத்து 'தி பங்கர்'. 'பிக்ஸ்' வேணும்னா மூணாவதா, ஒரு நாவல் படிக்கற மனசோட.

45/
இதய நோய் இருக்கறவங்க, அடிக்கடி பேனிக் அட்டாக் வர்றவங்க, முதல் ரெண்டையும் தவிர்த்துடுங்க, கிண்டலுக்குச் சொல்லல. சின்னப் பசங்களுக்கு மூணுமே வேண்டாம், ஸ்டீம்ல வயசு போட்டிருக்கறது அலங்காரத்துக்கு இல்ல. மத்தவங்க மறுப்பைக் கீழ எழுதுங்க. 'பிக்ஸ்'ல எந்த இடத்துல உங்க கை வேர்த்துச்சுன்னு குறிப்பிட்டு எழுதினா பதில் போடறேன். "புரியல"ன்னு மட்டும் எழுதினா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுடுவேன்.